அணுக்கருவைக் கிளர்த்தும் எலக்ட்ரான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் அதிவேகமாக ஓடவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் பெரிய கருவி) தரும் எக்ஸ் கதிரைத் தங்கத் தகட்டில் பாய்ச்சி, பின்னால் தாமதித்து வரும் எலக்ட்ரான்களை எண்ணி, எத்தனை அணுக்கருக்கள் கிளர்ந்தன, அதாவது உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏறின, என்று கண்டுபிடிக்கிறார்கள். இதை விளக்கப் போகும் இடமெல்லாம் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஆற்றலுக்கு எலக்ட்ரான் வோல்ட் (எ.வோ.), அதன் ஆயிரம் மடங்கான கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கி.எ.வோ.) ஆகிய அலகுகள் வரும். ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

1. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைத்தானே தொடும்? அணுக்கருவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரி. அணுவுக்குள் வரும் எக்ஸ் கதிர் ஃபோட்டான் (ஒளியின் ஒரு துகள்) ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து எறியும், அல்லது சிதறிப் போகும். அணுக்கரு அதைக் கண்டுகொள்வதில்லை.

விதிவிலக்கு இரண்டு. முதலாவது நேர்வழி. அணுக்கருவின் ஒரு கிளர்நிலைக்குச் சரியாகப் பொருந்தும் ஆற்றலில் ஃபோட்டான் வந்தால் அணுக்கரு அதை உட்கொள்ளும். இரும்பு-57க்கு அந்த ஆற்றல் 14.4 கி.எ.வோ. சிங்க்ரோட்ரான் ஒளியால் இதை 1985இல் ஹாம்பர்க்கில் செய்து காட்டினார்கள். இரண்டாவது மறைமுக வழி. எக்ஸ் கதிர் எலக்ட்ரானைத்தான் தாக்குகிறது. அதனால் எலக்ட்ரான் கூட்டில் ஏற்படும் குழப்பம் அணுக்கருவைக் கிளர்த்துகிறது. இந்தப் பக்கம் அந்த இரண்டாவது வழியைப் பற்றியது.

2. அந்த மறைமுக வழியில் என்ன நடக்கிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஃபோட்டான் தங்க அணுவின் மிக உள்ளே இருக்கும் கே கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. அங்கே காலியிடம் உண்டாகிறது. மேல் கூட்டிலிருக்கும் எலக்ட்ரான் ஒன்று கீழிறங்கி அதை நிரப்பும்போது ஆற்றல் மிஞ்சும். அந்த மிச்சம் வழக்கமாக இரண்டில் ஒரு வழியாக வெளியேறும்: ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டானாக, அல்லது இன்னொரு எலக்ட்ரானை உதைத்துத் தள்ளும் ஓஜே நிகழ்வாக.

மூன்றாவதாக ஓர் ஒற்றையடிப் பாதையும் உண்டு. மிஞ்சிய ஆற்றல் அதே அணுவின் அணுக்கருவுக்குள் போய் அதைக் கிளர்நிலைக்கு ஏற்றிவிடலாம். இதை 1973இல் ஜப்பானின் மொரிதா கணித்துச் சொன்னார். எலக்ட்ரான் தாவலால் அணுக்கருக் கிளர்ச்சி என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நீட்’ என்பார்கள். தேர்வு நினைவுக்கு வந்து குழப்பும் என்பதால் இங்கே ‘தாவல் கிளர்ச்சி’ என்றே எழுதுகிறேன்.

3. வெளிவரும் எக்ஸ் கதிரைப் பக்கத்து அணுக்கரு விழுங்குகிறது, அவ்வளவுதானே?

இல்லை. தாவல் கிளர்ச்சியில் உண்மையான ஃபோட்டான் எதுவும் வெளிவருவதே இல்லை. எலக்ட்ரானும் அணுக்கருவும் ஒரே அணுவுக்குள் மின்காந்தப் புலத்தின் வழியாக நேரடியாக ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன.

நீங்கள் சொல்லும் நிகழ்வும் கொள்கையளவில் நடக்கலாம். தங்கம் உமிழும் எக்ஸ் கதிர் வரிகளில் (குறிப்பிட்ட ஆற்றலை ஒட்டியே வரும் கதிர்கள்) ஒன்று 77.58 கி.எ.வோ.வில் இருக்கிறது, அணுக்கருவின் நிலை 77.351இல். வரியின் வால் பகுதி அதுவரை நீளும். ஆனால் அணுக்கரு நிலையின் அகலம், அதாவது அதன் ஆற்றல் பரவியிருக்கும் அளவு, ஓர் எ.வோ.வின் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய இடுக்கில் வந்து விழும் ஃபோட்டான்களை, சில மைக்ரான் தகட்டுக்கு நான் கணக்கிட்டுப் பார்த்தால், தாவல் கிளர்ச்சியைவிட ஆயிரம் மடங்குக்கும் கீழேதான் வருகிறது. கவலைப்பட வேண்டியதில்லை.

4. ஏன் எப்போதும் தங்கத்தையே எடுத்துக்கொள்கிறார்கள்?

பொருத்தம் அப்படி. தங்கத்தின் கே கூட்டு எலக்ட்ரானின் பிணைப்பு ஆற்றல் (அதைப் பிய்த்தெடுக்கத் தேவையான ஆற்றல்) 80.725 கி.எ.வோ. கே, எல், எம் என்று உள்ளிருந்து வெளியே அடுக்கிய கூடுகளில் மூன்றாவதான எம்மின் முதல் உட்கூடு எம்-1; அங்கே அது 3.425. கழித்தால் 77.300. தங்கம்-197 அணுக்கருவின் முதல் கிளர்நிலை 77.351 கி.எ.வோ. இரண்டுக்கும் இடைவெளி வெறும் 51 எ.வோ.

ஆற்றல் மட்டும் நெருங்கினால் போதாது. எலக்ட்ரான் தாவும் விதமும் அணுக்கரு தாவும் விதமும் ஒரே இனமாக இருக்க வேண்டும். தங்க அணுக்கரு 3/2 தற்சுழற்சியிலிருந்து 1/2க்குப் போகிறது, இணைத்தன்மை (கண்ணாடிப் பிரதிபலிப்பில் நிலை காட்டும் குறி) மாறாமல். இந்த இனத்துக்குக் காந்த இருமுனைத் தாவல் என்று பெயர். எம்-1 கூட்டிலிருந்து கே கூட்டுக்கு எலக்ட்ரான் இறங்குவதும் அதே இனம். மேலும், இயற்கையில் கிடைக்கும் தங்கம் முழுவதும் தங்கம்-197 ஐசோடோப்புதான். பிரித்தெடுக்க வேண்டியதில்லை, மெல்லிய தகடாகவும் கிடைக்கும். ஆய்வாளருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

5. எலக்ட்ரான் தரும் ஆற்றல் 51 எ.வோ. குறைகிறதே. மீதியை யார் கொடுக்கிறார்கள்?

இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். படிகளைத் தனித்தனியாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. முதலில் காலியிடம் உருவாகி நிலைபெற்று, பிறகு நிதானமாக அது நிரம்புகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தங்கத்தின் கே கூட்டுக் காலியிடம் சுமார் 10⁻¹⁷ நொடிதான் தாங்கும். அவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட நிலைக்குத் துல்லியமான ஆற்றல் என்று ஒன்று கிடையாது. அதன் அகலமே சுமார் 52 எ.வோ. ஆகவே 51 எ.வோ. இடைவெளி என்பது அந்த மங்கலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கணக்கு மொத்தமாக எங்கே நேராகிறது? ஃபோட்டான் முதலில் வெளியேற்றும் எலக்ட்ரானிடம், அதாவது ஒளி எலக்ட்ரானிடம். உள்ளே வரும் ஃபோட்டான் 81.000 கி.எ.வோ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகக் கே கூட்டு எலக்ட்ரான் 275 எ.வோ. இயக்க ஆற்றலோடு வெளியேறும். தாவல் கிளர்ச்சி நடந்த அணுவில் கடைசியில் எஞ்சியிருப்பது எம்-1 கூட்டுக் காலியிடமும் (3.425) கிளர்ந்த அணுக்கருவும் (77.351). கூட்டினால் 80.776. எனவே அந்த அணுவிலிருந்து போன எலக்ட்ரான் 224 எ.வோ.வோடுதான் போயிருக்க வேண்டும். குறைந்த 51ஐத் தந்தது அதுதான். 80.776 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள், 14-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

6. ‘அபூர்வம்’ என்கிறீர்கள். எண்ணில் சொன்னால் எவ்வளவு?

ஜப்பானின் ஸ்பிரிங்-8 சிங்க்ரோட்ரானில் கிஷிமோதோ குழு 2000இல் வெளியிட்ட அளவு: ஒரு கே கூட்டுக் காலியிடத்துக்கு (5.0 ± 0.6) × 10⁻⁸. அதாவது கே கூட்டில் இரண்டு கோடி முறை காலியிடம் உண்டானால், ஏறத்தாழ ஒரே ஒரு முறைதான் ஆற்றல் அணுக்கருவுக்குப் போகிறது.

7. கிளர்ந்த அணுக்கரு காமா கதிரைத்தானே விடும்? ஏன் எலக்ட்ரானைத் தேடுகிறார்கள்?

தங்கம்-197 அந்த நிலையிலிருந்து இறங்கும்போது ஒரு காமா கதிருக்கு நான்குக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் என்ற விகிதத்தில் ஆற்றலை விடுகிறது. இதை உள்மாற்றம் என்பார்கள்: அணுக்கரு தன் ஆற்றலைத் தன் கூட்டு எலக்ட்ரான் ஒன்றுக்கே நேராகக் கொடுத்து வெளியேற்றிவிடுகிறது. தாவல் கிளர்ச்சியின் மறுதலை என்றே சொல்லலாம். கே கூட்டு எலக்ட்ரானை வெளியேற்ற 77.351 போதாது, 80.725 வேண்டும். எனவே எல் கூட்டு எலக்ட்ரான்கள் 63 முதல் 65.4 கி.எ.வோ. வரையிலும், எம் கூட்டு எலக்ட்ரான்கள் 74க்குப் பக்கத்திலிருந்து மேலேயும் வெளிவரும்.

காமா கதிரைத் தேடினால் இரட்டைச் சங்கடம். எண்ணிக்கை குறைவு, அதோடு, 77.35இல் வரும் காமாவின் தலைமேலேயே 77.58, 77.98 கி.எ.வோ. எக்ஸ் கதிர் வரிகள் கோடி கோடியாக வந்து விழும்.

8. எலக்ட்ரானின் ஆற்றல் தெரியும் என்றால், அதை வைத்தே பொறுக்கி எடுத்துவிடலாமே?

எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். முடியாது, காரணமும் வேடிக்கையானது. கே கூட்டுக் காலியிடத்தை எம்-1 எலக்ட்ரான் நிரப்பி, மிஞ்சிய ஆற்றலை ஓர் எல் கூட்டு எலக்ட்ரானுக்குக் கொடுக்கும் சாதாரண ஓஜே நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எலக்ட்ரானின் ஆற்றல் சுமார் 77.300 கழித்தல் எல் கூட்டின் பிணைப்பு ஆற்றல். அணுக்கரு வழியாக வரும் எலக்ட்ரானின் ஆற்றல் 77.351 கழித்தல் அதே பிணைப்பு ஆற்றல். எந்தப் பொருத்தம் தங்கத்தை இந்தச் சோதனைக்கு ஏற்றதாக ஆக்கியதோ, அதே பொருத்தம் நல்ல எலக்ட்ரானையும் வேண்டாத எலக்ட்ரானையும் இரட்டைப் பிள்ளைகளாக ஆக்கிவிட்டது.

போதாக்குறைக்கு, எல் கூட்டிலிருந்து நேராக வெளியேறும் ஒளி எலக்ட்ரான்கள் 66.6 முதல் 69 கி.எ.வோ. வரை புறப்பட்டு, தகட்டைக் கடக்கும்போது ஆற்றலை இழந்து நமக்கு வேண்டிய இடத்திலேயே வந்து குவியும். ஆற்றலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது.

9. பிறகு எப்படித்தான் பிரிக்கிறார்கள்?

நேரத்தை வைத்து. 5-ஆம் பதிலில் சொன்ன 10⁻¹⁷ நொடி நினைவிருக்கிறதா? ஒளி எலக்ட்ரான், ஓஜே எலக்ட்ரான், எக்ஸ் கதிர் எல்லாம் ஃபோட்டான் வந்த அந்தக் கணமே முடிந்துவிடும். அணுக்கருவின் கிளர்நிலைக்கோ அரை ஆயுள் 1.91 நானோ நொடி. காலியிடத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் பத்துக் கோடி மடங்குக்கும் மேல். இடி முழங்கி அடங்கிய பிறகு கூரையிலிருந்து சொட்டும் துளியின் ஓசையைக் கேட்பதுபோல, ஆரவாரம் ஓய்ந்தபின் சில நானோ நொடிகள் தள்ளி வரும் எலக்ட்ரான்களை மட்டும் எண்ணினால் போதும்.

காத்திருப்பதற்கு விலை உண்டு. 4 நானோ நொடி கழித்து எண்ணத் தொடங்கினால் கிளர்ந்த அணுக்கருக்களில் கால்வாசிக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கும். 8 நானோ நொடி காத்தால் நூற்றில் ஐந்தாறு. அதனால் இந்தச் சோதனையில் ஒவ்வொரு நானோ நொடிக்கும் போராட்டம். மின்னணுக் கருவி எவ்வளவு சீக்கிரம் தலைநிமிர்கிறதோ அவ்வளவு அறுவடை.

10. இதற்குச் சிங்க்ரோட்ரான் எதற்கு? எக்ஸ் கதிர்க் குழாய் போதாதா?

குழாய் இடைவிடாமல் எரியும் விளக்கு. இடியும் ஓயாது, துளியும் கேட்காது. சிங்க்ரோட்ரானில் எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாக ஓடுகின்றன. ஒவ்வொரு கொத்தும் நம் பக்கம் வளையும்போது ஒரு ஒளித்துடிப்பு. ஸ்பிரிங்-8 வளையத்தின் சுற்றளவு 1,436 மீட்டர், எலக்ட்ரான்களின் ஆற்றல் 8 கிகா எலக்ட்ரான் வோல்ட். சம இடைவெளியில் 203 கொத்துகளை ஓடவிட்டால் 23.6 நானோ நொடிக்கு ஒரு துடிப்பு வரும். தங்கத்தின் 1.91 நானோ நொடிக்கு இது தாராளமான இடைவெளி.

எண்ணிக்கையையும் பாருங்கள். இது அளவைப் புரியவைக்கும் உத்தேசக் கணக்கு மட்டுமே. தகட்டில் நொடிக்கு ஆயிரம் கோடி கே கூட்டுக் காலியிடங்கள் உண்டாவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு நான்கேகால் கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கு 230க்கும் மேற்பட்ட காலியிடங்கள். தாவல் கிளர்ச்சி நொடிக்கு 500, அதாவது ஏறத்தாழ 85,000 துடிப்புகளுக்கு ஒன்று. இதில் தகட்டைவிட்டு வெளியே வந்து, கருவியின் பக்கம் திரும்பி, காத்திருக்கும் நேரத்தையும் தாண்டிப் பிழைப்பது இன்னும் சொற்பம். துடிப்பும் ஒளிச்செறிவும் சேர்ந்து கிடைக்காவிட்டால் இந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது.

இன்னொன்று: ஒளியைப் படிகங்களால் வடித்து, வேண்டிய ஆற்றலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இது எவ்வளவு முக்கியம் என்பது 15-ஆம் பதிலில் புரியும்.

11. எந்தக் கருவியால் எண்ணுகிறார்கள்? அதில் என்ன விசேஷம்?

சரிவு ஒளிடையோடு என்ற சிலிக்கான் கருவி. உள்ளே விழும் எலக்ட்ரான் உண்டாக்கும் சிறிய மின்னூட்டத்தைச் சிலிக்கானுக்குள்ளேயே இருக்கும் வலுவான மின்புலம் சரிவுபோலப் பெருக்கிக் கொடுக்கும். ஒரு நானோ நொடிக்கும் குறைவான நேரத் துல்லியம். துடிப்பின் ஆரவாரத்தில் முழுக்க நனைந்தாலும் சில நானோ நொடிகளில் அடுத்ததற்குத் தயார். கதிர் பட்டால் ஒளிரும் மினுக்கிப் படிகங்களைப் போல நெடுநேரம் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்காது. இருட்டில் தானாகவே எழும் போலி எண்ணிக்கையும் மிகக் குறைவு.

அதைவிடப் பெரிய நன்மை அதன் மெலிவு. 65 கி.எ.வோ. எலக்ட்ரான் சிலிக்கானில் சில பத்து மைக்ரான் தூரத்திலேயே தன் ஆற்றலை எல்லாம் கொட்டிவிடும். ஆனால் 80 கி.எ.வோ. அளவிலுள்ள எக்ஸ் கதிர் 30 மைக்ரான் சிலிக்கானைக் கடக்கும்போது ஆயிரத்தில் ஒன்றிரண்டு மட்டுமே அதில் சிக்கும். எலக்ட்ரானுக்குக் கண், எக்ஸ் கதிருக்குக் கிட்டத்தட்டக் குருடு. இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

12. தகடு தடிமனாக இருந்தால் அணுக்கள் அதிகம், எலக்ட்ரானும் அதிகம் கிடைக்குமே?

கிடைக்காது. இந்த ஆற்றலில் எலக்ட்ரான் தங்கத்துக்குள் சில மைக்ரான்தான் போகும். அதற்குமேல் தடிமனாக்கினால் ஆழத்தில் கிளர்ந்த அணுக்கருவின் எலக்ட்ரான் உள்ளேயே அடங்கிவிடும். எக்ஸ் கதிர் ஆரவாரம் மட்டும் கூடும். காற்றிலும் சில சென்டிமீட்டரில் நின்றுவிடும் என்பதால் தகட்டையும் கருவியையும் வெற்றிடத்துக்குள், மிக நெருக்கமாக வைக்கிறார்கள்.

13. தாமதமாக வரும் எல்லா எலக்ட்ரானும் அணுக்கருவிலிருந்துதான் வந்தது என்று எப்படி நம்புவது?

நம்பக் கூடாது. பெரிய வில்லன் சிங்க்ரோட்ரானுக்குள்ளேயே இருக்கிறது. எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் ஊட்டும் ரேடியோ அலையின் அதிர்வெண் ஸ்பிரிங்-8இல் சுமார் 508.6 மெகாஹெர்ட்ஸ். அதன்படி வளையத்தில் 1.97 நானோ நொடிக்கு ஒரு ‘இருக்கை’ உண்டு. கொத்துகள் சில இருக்கைகளில் மட்டும் அமர, மற்றவை காலியாக இருக்க வேண்டும். முதன்மைக் கொத்திலிருந்து தவறிய சில எலக்ட்ரான்கள் அடுத்த இருக்கையில் விழுந்துவிட்டால் அவையும் ஒரு குட்டித் துடிப்பை விடும். அது சரியாக 1.97 நானோ நொடி தள்ளி வரும். தங்கத்தின் அரை ஆயுள் 1.91! இதைவிடக் கச்சிதமான போலி வேறு கிடைக்காது.

ஆகவே காலி இருக்கைகளைத் துப்புரவாக வைத்திருக்க வளையத்தை நடத்துபவர்கள் தனியாக மெனக்கெடுகிறார்கள். ஆய்வாளர்கள் தங்கள் பக்கத்தில் தாமத எண்ணிக்கை நேரத்தோடு எப்படிக் குறைகிறது என்று பார்க்கிறார்கள். உண்மையான சிதைவு என்றால் 1.91 நானோ நொடிக்கு ஒருமுறை பாதியாகும் வழுவழுப்பான கோடு வரும். குட்டித் துடிப்புகள் என்றால் இருக்கைக்கு இருக்கை மேடுகள் தெரியும். ஒளியின் ஆற்றலைக் கே கூட்டின் விளிம்புக்கு (அந்தக் கூட்டு எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு) கீழே இறக்கிவிட்டு எண்ணுவதும் நல்ல சோதனை. அங்கே தாவல் கிளர்ச்சிக்கு வழியில்லை. அப்போதும் மிஞ்சுவது போலி.

14. அது தாவல் கிளர்ச்சிதான் என்பதற்கு இன்னும் நேரடியான ஆதாரம் உண்டா?

உண்டு. 2006இல் அதே ஜப்பானியக் குழு ஒளியின் ஆற்றலைக் கே கூட்டின் விளிம்பைச் சுற்றிச் சிறு சிறு படிகளாக நகர்த்திப் பார்த்தது. எலக்ட்ரான் வெளியேறத் தொடங்கும் விளிம்பிலேயே தாவல் கிளர்ச்சியும் தொடங்கவில்லை. அதற்குச் சுமார் 40 எ.வோ. மேலே போனபிறகே தொடங்கியது. அந்தத் தொடக்கமும் கே கூட்டின் விளிம்பைவிடச் செங்குத்தாக இருந்தது.

இப்போது 5-ஆம் பதிலின் 80.776ஐ எடுங்கள். கடைசி நிலைக்கான மொத்த ஆற்றலை ஃபோட்டான் கொடுத்தாக வேண்டும், அது 80.725ஐவிட 51 எ.வோ. அதிகம். அதனால்தான் தொடக்கம் மேலே தள்ளிப் போகிறது. செங்குத்தாக இருப்பதற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. இறுதியில் எஞ்சுவது கே கூட்டின் 52 எ.வோ. அகலமுள்ள காலியிடம் அல்ல. சுமார் 14 எ.வோ. அகலமே உள்ள எம்-1 காலியிடம். சாதாரண எக்ஸ் கதிர் உறிஞ்சலால் இந்த இரண்டையும் ஒருசேரப் போலியாகக் காட்டவே முடியாது. என்னைக் கேட்டால், 2000இன் எண்ணைவிட இந்த வரைபடம்தான் வலிமையான சாட்சி.

15. இரண்டு கோடியில் ஒன்று என்ற எண்ணை எப்படி எட்டினார்கள்? கருவி எத்தனையைத் தவறவிட்டது என்று யாருக்குத் தெரியும்?

தெரிய வேண்டியதில்லை, அதுதான் அழகு. ஒளியை 77.351 கி.எ.வோ.வுக்கு மாற்றுங்கள். இப்போது 1-ஆம் பதிலில் சொன்ன நேர்வழியில் அதே தகட்டில் அதே அணுக்கரு நிலை கிளரும். அதே எலக்ட்ரான்கள், அதே அரை ஆயுளோடு, அதே கருவியில் விழும். இந்த நேர்வழியின் வாய்ப்பு நன்கு அறிந்த ஒன்று. இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டால் தகட்டில் சிக்கியவை, திசை மாறியவை, காத்திருப்பில் கழிந்தவை எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பதால் பெருமளவு அடிபட்டுப் போகும். ஒளியின் ஆற்றலை நினைத்தபடி மாற்ற முடிகிற இடத்தில் மட்டுமே இது சாத்தியம்.

16. ஆஸ்மியத்தில் இதை 1970களிலேயே பார்த்துவிட்டார்கள் என்று படித்தேனே?

பார்த்ததாகச் சொன்னார்கள். ஆஸ்மியம்-189இல் 69.5 கி.எ.வோ. நிலை கிளர்ந்தால் அதில் சிறு பங்கு, 30.8 கி.எ.வோ.வில் ஏறத்தாழ ஆறு மணி நேர அரை ஆயுளுள்ள ஒரு நிலைக்கு இறங்கும். நானோ நொடிப் போராட்டமே வேண்டாம்: முதலில் கதிரில் காட்டு, பிறகு ஆற அமர எலக்ட்ரான்களை எண்ணு. 1973இல் எலக்ட்ரான் கற்றையால் தாக்கிப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் ஓர் எண் வந்தது. அடுத்து வந்த ஒவ்வொரு சோதனையும் அந்த எண்ணைக் கீழே கொண்டுபோனது. 2000இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஒற்றை ஆற்றல் சிங்க்ரோட்ரான் ஒளியால் பார்த்தபோது எதுவுமே தெரியவில்லை. இருந்தால் 9 × 10⁻¹⁰க்கும் கீழேதான் இருக்க முடியும் என்று மேல்வரம்பு மட்டும் சொன்னார்கள்.

வசதியே வம்பாகிவிட்டது. எலக்ட்ரான் கற்றையோ, எல்லா ஆற்றலும் கலந்த வெள்ளை எக்ஸ் கதிரோ, அணுக்கருவின் மேல் நிலைகளையும் கிளர்த்தும். அவையும் இறங்கி வந்து அதே ஆறு மணி நேர நிலையில் சேரும். எந்த வழியாக வந்தது என்று கடைசியில் எண்ணும் எலக்ட்ரானைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆஸ்மியத்தில் வாய்ப்பு ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. அங்கே எலக்ட்ரான் தாவலுக்கும் அணுக்கருவுக்கும் இடைவெளி சுமார் 1,285 எ.வோ. வாய்ப்பு ஏறத்தாழ இடைவெளியின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். நிலைகளின் அகலத்தையும் சேர்த்துக்கொண்டால் தங்கத்தைவிட 450 மடங்கு குறைவு. மற்றதெல்லாம் சமம் என்று வைத்தால் 10⁻¹⁰ வருகிறது. கோட்பாட்டாளர்களின் நுணுக்கமான கணக்கும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

17. இரிடியம்-193இல் இடைவெளி தங்கத்தைப்போல் இரண்டு மடங்குதான். ஆனால் வாய்ப்பு 18 மடங்கு குறைவு. மேலே சொன்ன கணக்கு உதைக்கிறதே?

நல்ல பிடி. இரிடியத்தில் இடைவெளி சுமார் 103 எ.வோ.; அளந்த வாய்ப்பு 2.8 × 10⁻⁹. இடைவெளி மட்டும்தான் காரணம் என்றால் தங்கத்தைவிட மூன்று மடங்குதான் குறைய வேண்டும்.

மீதி அணுக்கருவின் பிடிவாதம். இரிடியத்தின் 73 கி.எ.வோ. நிலையின் அரை ஆயுள் 6.1 நானோ நொடி. தங்கத்தைவிட மூன்று மடங்கு நிதானமாக இறங்குகிறது. அதிலும் உள்மாற்றத்தின் பங்கு இன்னும் கூடுதல். அப்படியென்றால் மின்காந்தப் புலத்தோடு அதன் பிணைப்பு தங்கத்தைவிட நாலைந்து மடங்கு தளர்வு. இறங்கத் தயங்குவது ஏறவும் தயங்கும். மூன்றையும் நாலரையையும் பெருக்குங்கள், பதினான்கு பக்கம் வரும். கைக்கணக்குக்கு இது போதும்.

18. எலக்ட்ரான் பிடிப்பால் கிளர்ச்சி என்று இன்னொன்று சொல்கிறார்களே, அது வேறா?

நெருங்கிய உறவு, ஆனால் வேறு. தாவல் கிளர்ச்சியில் எலக்ட்ரான் அணுவுக்குள்ளேயே ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கு இறங்குகிறது. பிடிப்பில் வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரான் வந்து அயனியின் காலியிடத்தில் அமர்கிறது. 2018இல் மாலிப்டினம்-93இல் இதைக் கண்டதாக அறிவித்தார்கள்; நூற்றில் ஒன்று என்ற பெரிய வாய்ப்பு. கோட்பாட்டுக் கணக்கோ அதற்குப் பல கோடி மடங்கு கீழே நிற்கிறது. அந்த முடிச்சு அவிழும்வரை, பிடிப்பின் எண்ணைத் தங்கத்தின் எண்ணோடு ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து.

19. இதை வைத்து அணுக்கரு மின்கலம், வெடிகுண்டு எல்லாம் செய்யலாமாமே?

இந்தப் பேச்சு தொடங்கியது ஹாஃப்னியம்-178இல். அதன் ஒரு கிளர்நிலை 31 ஆண்டு அரை ஆயுளோடு 2.4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குமேல் ஆற்றலைப் பதுக்கி வைத்திருக்கிறது. பல் மருத்துவ எக்ஸ் கதிர்க் கருவியால் அதை அவிழ்த்துவிட்டதாக 1999இல் ஓர் அமெரிக்கக் குழு அறிவித்தது. 2001இல் ஆர்கானின் பல மடங்கு செறிவான சிங்க்ரோட்ரான் ஒளியில் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை.

தங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 77 கி.எ.வோ.வை அணுக்கருவில் ஏற்ற இரண்டு கோடி முறை 81 கி.எ.வோ. செலவழிக்கிறோம். இரண்டு நானோ நொடியில் அதில் பாதியும் போய்விடுகிறது. யாராவது இதை மின்கலம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். மொரிதாவின் தொடக்க யோசனை வேறு: யுரேனியம்-235ஐ மட்டும் தேர்ந்தெடுத்துக் கிளர்த்தி, ஐசோடோப்புகளைப் பிரிப்பது.

20. அப்படியென்றால் இந்த அளவீட்டால் யாருக்கு என்ன லாபம்?

அணுவின் எலக்ட்ரான் கூடும் அணுக்கருவும் எவ்வளவு பேசிக்கொள்கின்றன என்பதைச் சோதிக்க இதைப்போல் சுத்தமான இடம் குறைவு. கோட்பாட்டுக் கணக்கு தங்கத்துக்குத் தருவது 3.8 × 10⁻⁸ அளவு. அளந்தது 5 × 10⁻⁸. பக்கத்தில்தான் நிற்கின்றன. இதே வகைக் கணக்குகளைத்தான் சூடான பிளாஸ்மாவில் அணுக்கருக்கள் எப்படிக் கிளர்கின்றன என்று மதிப்பிடுபவர்களும் நம்பியிருக்கிறார்கள்.

கருவி நுட்பமும் வேறு இடங்களுக்குப் போயிருக்கிறது. தோரியம்-229 அணுக்கருவின் 8.4 எ.வோ. நிலையை அணுக்கருக் கடிகாரத்துக்குப் பயன்படுத்த முயல்கிறார்கள். 2019இல் ஸ்பிரிங்-8இல் அந்த அணுக்கருவை 29.2 கி.எ.வோ. எக்ஸ் கதிரால் மேல் நிலைக்கு ஏற்றி, அங்கிருந்து அந்த 8.4 எ.வோ. நிலைக்கு இறக்கினார்கள். அங்கேயும் துடிப்பு, காத்திருப்பு, வேகமான சரிவு ஒளிடையோடு என்ற அதே சூத்திரம்தான்.

21. கடைசியாக ஒன்று. அந்த 51 எ.வோ.வைக் குறைத்து வாய்ப்பைக் கூட்ட முடியாதா?

அணுக்கருவின் நிலையை நகர்த்த வழியில்லை. எலக்ட்ரான் பக்கத்தை நகர்த்தலாம். அணுவிலிருந்து எலக்ட்ரான்களை உரித்து அயனியாக்கினால் கே, எம் கூடுகளின் பிணைப்பு ஆற்றல் மாறும். அவற்றின் வித்தியாசமும் மாறும். எத்தனை எலக்ட்ரானை எந்தக் கூட்டிலிருந்து உரித்தால் இடைவெளி மூடும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் இடைவெளி முழுவதும் மூடினாலும் கோடி மடங்கு லாபம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிலைகளின் அகலம் அப்படியே இருக்கும். 16-ஆம் பதிலில் சொன்ன விதிப்படி அகலம் மாறாவிட்டால் தங்கத்துக்கு மூன்று மடங்கு, மிஞ்சினால் நான்கு மடங்கு. அதற்காக உரித்த தங்க அயனிகளைத் தகட்டின் அடர்த்தியில் ஒரே இடத்தில் பிடித்து வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு, சிங்க்ரோட்ரானில் கூடுதலாக மூன்று நாள் எண்ணிக்கொண்டிருப்பது மலிவு.